அவரவர் குரலில் ஒரு ‘வந்துட்டேன்’

கல்யாணமாகி முடிச்சூர் வீட்டு வாசலில் நான் இறங்கியது எண்பதுகளின் ஆரம்பத்தில். ஆரத்தி சுற்றிக் கொட்டியாயிற்று, வலது காலை எடுத்து வைத்தும் ஆயிற்று. வராந்தாவில் மடக்கு நாற்காலி போட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்த என் மாமனார், “வந்துட்டேன்னு சொல்லும்மா” என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பக்கத்தில் மாலையும் கழுத்துமாக நின்ற என் வீட்டுக்காரர், “சும்மா சொல்லு” என்று முழங்கையால் இடித்தார். “வந்துட்டேன்” என்றேன். “சரி” என்றார் மாமனார். அதற்குப் பிறகுதான் மாமியார் என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார்.

புது மருமகளுக்காக அன்றைக்கு மட்டும் ஏதோ வேடிக்கை செய்கிறார் என்று நினைத்தேன். மறுநாள் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பியபோதும் அதே கதை. அந்த வீட்டில் அது சட்டம். வெளியே போய்விட்டு வரும் யாரும் கேட்டைத் தாண்டியதும் நின்று, தன் வாயால் “வந்துட்டேன்” என்று சொல்ல வேண்டும். அவர் “சரி” என்பார். அந்தச் சரி காதில் விழுந்த பிறகுதான் செருப்பைக் கழற்ற வேண்டும். ஒருவருக்காக இன்னொருவர் சொன்னால் செல்லாது. “அவரு தெருமுனையில வர்றாரு மாமா” என்றால், “வந்து அவனே சொல்லுவான்” என்பார். கடைசி ஆள் வந்த பிறகு எழுந்து போய்க் கேட்டைப் பூட்டி, சாவியை ஆணியில் மாட்டிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். அவர் உட்காராமல் மாமியாரும் உட்கார மாட்டார். அதனால் வேலைக்குப் போன நான் ரயிலைத் தவறவிட்டால் முடிச்சூரில் இரண்டு பேர் பட்டினி.

எனக்கு நாக்கு கொஞ்சம் நீளம் என்று என் அம்மாவே சொல்லுவாள். வந்த மூன்றாவது மாதமே கேட்டுவிட்டேன். “ஜெயில்லகூட இவ்வளவு கெடுபிடி இருக்காதே மாமா?”

அவர் கோபப்படவில்லை. “ஜெயில்ல ஆளு ஓடிடுவான்னு எண்ணுவான். நான் ஆளு வந்துடணுமேன்னு எண்றேன்” என்று சொல்லிவிட்டு, துணி தேய்க்கும் பெட்டிக்குக் கரி போடப் போய்விட்டார்.

இருபத்திரண்டு வருஷம் ராணுவத்தில் இருந்துவிட்டு ஹவில்தாராகத் திரும்பியவர். முடிச்சூரிலேயே பிறந்து வளர்ந்தவர். அப்பா விட்டுப்போன நிலத்தில் ஒரு மூலையை வைத்துக்கொண்டு, வருஷத்துக்கு ஓர் அறையாகக் கட்டிய வீடு அது. அவருடைய துணியை அவரே துவைப்பார், அவரே தேய்ப்பார். சித்திரை வெயிலிலும் ராணுவக் கம்பளியை நான்காக மடித்துக் கட்டிலின் கால்மாட்டில் வைத்திருப்பார். கறுப்புத் தகரப் பெட்டி ஒன்று, மேலே வெள்ளைப் பெயிண்டில் ஒரு நம்பர். பென்ஷன் புத்தகத்திலிருந்து பேரன் பேத்தி ஜாதகம் வரை எல்லாம் அதற்குள்தான் இருக்கும். மாதம் ஒருமுறை ராணுவக் கேன்டீனுக்குப் போய் சோப்பு, தேயிலை, பிஸ்கெட்டோடு இரண்டு ரம் பாட்டிலும் வாங்கி வருவார். அந்த ஒரு வாரம் மட்டும் தெருவில் எல்லோருக்கும் அவர்மேல் பாசம் பொங்கும். “இன்னா மிலிட்டரி சார், ஒடம்பு எப்டி கீது?” என்று விசாரித்துக்கொண்டே வருவார்கள். அவருக்கும் தெரியும். சிரித்துக்கொண்டே ஆளுக்கு ஒரு மூடி ஊற்றிக் கொடுப்பார். தனக்கும் ஒரு மூடிதான்.

போரைப் பற்றி மட்டும் பேசமாட்டார். பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்டால், “அங்க ஒரே குளிருப்பா” என்பார். இருபத்திரண்டு வருஷத்துக்கும் அந்த ஒரு வரிதான்.

மாமியாரிடம் அவர் பேசும்போது மட்டும் ஹவில்தார் காணாமல் போய்விடுவார். ஞாயிற்றுக்கிழமை கறி அவர்தான் சமைப்பார். பெரிய எலும்பில்லாத துண்டாகத் தேடி எடுத்து மாமியார் தட்டில் போட்டுவிட்டு, “பல்லு கீதா இல்ல அதுவும் போச்சா?” என்பார். “உன்ன மாதிரி பொக்க வாயா?” என்று மாமியார் திருப்பிக் கொடுப்பார். இவ்வளவு பிரியமாக இருக்கத் தெரிந்த மனுஷன் வாசலில் மட்டும் ஏன் இப்படி உயிரை வாங்குகிறார் என்று எனக்கு எரிச்சலாக வரும்.

நான் அப்போது தாம்பரம் சானடோரியம் பக்கத்தில் ஒரு தையல் கம்பெனியில் வேலை பார்த்தேன். தைத்து வரும் சட்டைகளில் பிசிறு இருக்கிறதா, பொத்தான் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. ஒருநாள் மழைக்காக என்னையும் இன்னும் நான்கு பெண்களையும் கம்பெனி வண்டியில் கொண்டுவந்து விட்டார்கள். எல்லோரும் வண்டிக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருக்க, நான் பேசாமல் உள்ளே நடந்தேன். “யாரும்மா அது?” என்றார் மாமனார். முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்கிறார்! நான் செருப்பைக் கழற்றப் போனேன். “யாரும்மா?” என்றார் மறுபடியும். வண்டிக்குள் சிரிப்புச் சத்தம் கேட்டது. “வந்துட்டேன்” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். “சரி.”

ஒரு வாரத்துக்குக் கம்பெனியில் நான் எந்த அறைக்குள் போனாலும், “வந்துட்டேன் சொல்லு” என்று கிண்டல். மானமே போயிற்று. அந்தக் கோபம் என்னிடம் அணையாமல் இருந்த வாரத்தில்தான் என் கொழுந்தன் அந்த உதவியைக் கேட்டான்.

கொழுந்தன் எனக்கு இரண்டு வயது இளையவன். வெல்டிங் வேலை. வீட்டிலேயே என்னோடு சேர்ந்து சிரிக்கக்கூடிய ஒரே ஆள். ஐப்பசி மாதம், விட்டு விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. காலையில் கிணற்றடியில் பல் விளக்கிக்கொண்டே, “அண்ணி, இன்னிக்கு பசங்களோட தாம்பரத்துல ரெண்டாவது ஆட்டம். அப்பா கேட்டா வந்துட்டேன்னு சொல்லிடுங்க. நான் பின்பக்கமா ஏறிக் குதிச்சி வந்துடறேன்” என்றான்.

“உங்க அப்பா ஒத்துக்க மாட்டாரே?”

“நீங்க சொன்னா ஒத்துப்பாரு. உங்கள நம்புவாரு.”

சாயங்காலம் எல்லோரும் வந்தாயிற்று. மாமனார் வராந்தாவிலிருந்து, “சின்னவன் எங்க?” என்று குரல் கொடுத்தார். நான் சமையலறையிலிருந்து, “தம்பி பின்பக்கமா வந்துட்டாரு மாமா, மழையில நனைஞ்சிட்டாரு. குளிக்கிறாரு” என்றேன். சொன்னதோடு விட்டேனா? பாத்ரூமுக்குள் போய் இரண்டு சொம்புத் தண்ணீரை மொண்டு தரையில் ஊற்றினேன். அந்தச் சத்தம் அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். “சரி” என்றார்.

அந்தச் சரியைக் கேட்டதும் எனக்கு வந்த சந்தோஷத்தை இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. ஹவில்தாரை ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அவர் கேட்டைப் பூட்டிவிட்டு, சாப்பிட்டுவிட்டு, படுத்துவிட்டார். நானும் தூங்கிவிட்டேன்.

இரவெல்லாம் மழை கொட்டியிருக்கிறது. விடிந்தும் விடியாமலும் பால்காரர் கேட்டைத் தட்டினார். கையில் பால் கேன் இல்லை. முழங்கால் வரை சேறு. மாமனார் பனியனோடு எழுந்து போனார்.

“மிலிட்டரி சார், உங்க சின்னப் பையன் பாலத்தாண்ட கால்வாயில விழுந்து கெடக்கறாம்பா. ஏரித் தண்ணி ரோட்டு மேல போவுது. கால் ஒடஞ்சி கீது. கம்பத்துக் கம்பியப் புடிச்சிக்கினு ராவெல்லாம் கெடந்திருக்கான். கத்திக் கத்தி கொரலே இல்ல.”

மாமனார் கொஞ்சமும் பதறவில்லை. “அது எம் பையன் இல்லப்பா. வேற யாராவது இருக்கும். எம் பையன் உள்ள தூங்கறான்.”

“இல்ல சார், நான் மொகத்தப் பாத்தேன்...”

“எம் மருமவ சொன்னா” என்றார்.

நான் வராந்தா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தேன். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். சந்தேகத்தோடு பார்க்கவில்லை. பால்காரருக்கு நான் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் விஷயம் முடிந்துவிடும் என்பதுபோல் பார்த்தார். என் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய தண்டனை எனக்கு யாரும் கொடுத்ததில்லை.

“தம்பி வரல மாமா. நான் பொய் சொன்னேன்.”

அவர் ஆணியிலிருந்து சாவியை எடுக்கக் கை நீட்டினார். சாவி நழுவிக் கீழே விழுந்தது. நான் எடுத்துக் கொடுத்தேன். சட்டைகூடப் போடாமல் பால்காரரோடு ஓடினார்.

கொழுந்தன் பிழைத்துக்கொண்டான். கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. மூன்று மாதம் கட்டோடு கிடந்தான். அதற்குப் பிறகும் அந்தக் காலை லேசாக இழுத்துத்தான் நடப்பான். இன்றைக்கும் அப்படித்தான். மாமியார் என்னைத் திட்டினார், நன்றாகவே திட்டினார். என் வீட்டுக்காரர் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. எல்லாம் நியாயம். மாமனார் மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் ஓங்கி ஓர் அறை விட்டிருந்தால்கூட எனக்குத் தேவலை என்றிருந்தது.

ஆஸ்பத்திரியில் கொழுந்தனுக்குச் சாப்பாடு கொண்டுபோன ஒருநாள், வார்டுக்கு வெளியே பெஞ்சில் நானும் அவரும் மட்டும் உட்கார்ந்திருந்தோம். பார்வையாளர் நேரத்துக்கு இன்னும் மணி அடிக்கவில்லை. அவர் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டே பேச ஆரம்பித்தார்.

“மலை மேல ஒரு காவல் போஸ்ட்டும்மா. நாங்க கொஞ்சம் பேருதான். சாயங்காலம் வரிசையா நிக்க வெச்சி பேரு கூப்பிடுவாங்க. எவனாவது கீழ கிராமத்துக்குப் போயிருந்தா, பக்கத்துல கீறவன் அவனுக்காகக் கொரல் குடுப்பான். எல்லாரும் செய்றதுதான். இன்னிக்கு உனக்கு நான், நாளைக்கு எனக்கு நீ.”

நான் சாப்பாட்டுக் கூடையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

“சேலத்துப் பக்கத்துப் பையன் ஒருத்தன். என் கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டில். அம்மாவுக்கு லெட்டர் போடணும்னு கீழ போனான். பேரைக் கூப்பிட்டாங்க. இருட்டிடுச்சி, மூஞ்சி தெரியல. நான் ஆஜர்னேன். எண்ணிக்கை சரியா இருந்துச்சி, கலைஞ்சி போயிட்டோம். அன்னிக்கு ராத்திரி பனி கொட்டுச்சி. அவன் வழியில எங்கியோ சறுக்கி வுழுந்திருக்கான். ஆளு கொறஞ்சா தேடப் போவாங்க. எண்ணிக்கைதான் சரியா கீதே, எவன் தேடுவான்? காலையில பாத்தா, கூப்பிடற தூரத்துலதான் கெடந்தான்.”

தோள் துண்டை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டார்.

“லீவுல வந்தப்ப அவன் அம்மாவப் போய்ப் பாத்தேன். எனக்குச் சோறு போட்டா. எம் புள்ளையோட சிநேகிதன்னு பக்கத்துல ஒக்காந்து விசிறினா. நான் சாப்பிட்டுட்டு வந்துட்டேன். சொல்லல. உங்க அத்தைக்கும் இது தெரியாது. நீ அன்னிக்குச் செஞ்சத நானும் செஞ்சவன்தாம்மா. உன்ன எந்த வாயால திட்றது?”

நான் அழுதேன். அவர் அழவில்லை. மணி அடித்தது. “சாப்பாடு ஆறிடும், போ” என்றார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவரைவிட நான்தான் மோசம். என் வீட்டுக்காரர் எப்போதாவது மறந்துபோய் உள்ளே வந்துவிட்டால், “வெளியே போய்ச் சொல்லிட்டு வாங்க” என்று திருப்பி அனுப்புவேன். “அப்பாவோட ஆளு ஆயிட்டா” என்று முணுமுணுத்துக்கொண்டே போவார். எங்கள் பெண் பிறந்து, பேச ஆரம்பித்தபோது, ‘வந்துட்டேன்’ என்பதுதான் அவள் வாயில் சுத்தமாக வந்த முதல் முழு வார்த்தை. வீட்டை விட்டு எங்கேயும் போகாமலே நாள் முழுக்க வந்துகொண்டிருப்பாள். அவரும் சலிக்காமல் நாள் முழுக்கச் சரி சொல்லிக்கொண்டிருப்பார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கொழுந்தன் மஸ்கட் போனான். புறப்படும் அன்று அவர் மீனம்பாக்கம் விமான நிலையம் வரை வந்தார். அன்று சாயங்காலம் எல்லோரும் வந்த பிறகும் கேட்டைப் பூட்டாமல் கையில் பூட்டோடு நின்றுகொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய், “தம்பி லீவுல போயிருக்காரு மாமா” என்றேன். ராணுவத்தில் லீவு எழுதிப் போனவனைத் தேட மாட்டார்கள் என்று அவர்தான் எப்போதோ சொல்லியிருந்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். “ம், லீவு” என்று சொல்லிப் பூட்டினார். அதிலிருந்து தினமும் அது எங்கள் இரண்டு பேருக்கும் உள்ள வழக்கமாகிவிட்டது. “சின்னவன்?” என்பார். “லீவு மாமா” என்பேன். பூட்டுவார்.

அதற்குள் முடிச்சூரும் மாறிவிட்டது. எதிரே இருந்த வயலில் கல் நட்டு மனை போட்டார்கள். பால்காரர் மாட்டை விற்றுவிட்டு ஜல்லி, மணல் லாரி வாங்கினார். வராந்தாவிலிருந்து தெருமுனை வரை போய்க்கொண்டிருந்த மாமனாருடைய பார்வையை ஒரு மாடி வீடு வந்து மறைத்தது. “வர்றவன் தெரியமாட்றான்” என்று அதை மட்டும் குறைப்பட்டுக்கொள்வார்.

தொண்ணூறுகளின் நடுவில் அவருக்கு நுரையீரல் கெட்டது. இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். முன்னறையில் கட்டிலைப் போட்டு, வாசல் தெரிகிற மாதிரி படுக்க வைத்தோம். கொழுந்தனுக்குப் போன் செய்தோம். மறுநாள் காலையில் வந்து சேருகிற விமானத்தில்தான் டிக்கெட் கிடைத்தது என்றான்.

அன்று பகலிலிருந்தே மூச்சு இழுத்தது. சொந்தக்காரர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். ஆளுக்கொரு கரண்டி பால் ஊற்றியாயிற்று. அவர் கண் வாசலிலேயே இருந்தது. நடுநடுவே உதடு அசையும். எனக்குத்தான் அது என்ன என்று தெரியும். “சின்னவன்?”

மாமியாரின் அண்ணன், ஊரில் பத்துச் சாவுக்கு முன்னால் நின்றவர், என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “எம்மா, சின்னவனுக்காகத்தான் இந்த உசுரு இழுத்துகினு கீது. எம் பையன் கொரலும் அவன் கொரலும் ஒண்ணாதான் இருக்கும். அவன வாசல்ல நின்னு ‘வந்துட்டேம்பா’ன்னு சொல்லச் சொல்றேன். பெரியவருக்குக் கண்ணும் சரியாத் தெரியல. நிம்மதியா போயிடுவாரு.”

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் செய்வதுதான். வராத பிள்ளைக்குப் பதில் இன்னொரு பிள்ளையை உட்கார வைத்துக் கையைப் பிடித்துக்கொள்ளச் சொல்வார்கள். அந்தப் பையனும் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டான்.

“வேணாம்” என்றேன்.

“நீ யாருடீ வேணாம்னு சொல்ல?” என்று மாமியார் எழுந்தார். “நாப்பது வருஷம் அவரோட குடும்பம் பண்ணவ நான். அந்த மூச்சு படற பாட்டப் பாத்துக்கினு இருக்க முடியலடீ. ஒரு வார்த்தைதானே? வுடுடீ” என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அந்தப் பனிமலைப் பையனைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் போதும், மாமியாருக்குப் புரிந்துவிடும். ஆனால் அந்த ரகசியம் என்னுடையதில்லை. சொல்லவில்லை. மாமியாரும் இல்லாத இன்றைக்குத்தான் இதை எழுதுகிறேன்.

நான் வாசலுக்குப் போய் அந்தப் பையனை நகரச் சொன்னேன். திரும்பி வந்து, மாமனார் காதருகே குனிந்தேன்.

“மாமா, தம்பி இன்னும் வரல. லீவு முடிஞ்சி கிளம்பிட்டாரு. வந்துகிட்டே இருக்காரு.”

அவர் கண் வாசலை விட்டு என்னிடம் வந்தது. கேட்டுவிட்டார் என்று தெரிந்தது. வெகுநேரம் உதட்டைச் சேர்க்கப் பார்த்தார். பிறகு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “கேட்டப் பூட்டாதம்மா” என்றார்.

சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்துக்குப் போய்விட்டார். ஒரு பொய்யில் நிம்மதியாகப் போயிருக்க வேண்டியவரைக் காக்க வைத்துச் சாகடித்தவள், கல்நெஞ்சக்காரி என்று என் காதுபடவே சொன்னார்கள். அவர்கள் சொன்னது சரியோ என்று நானும் எத்தனையோ நாள் நினைத்து அழுதிருக்கிறேன். ஆனால் அன்று கேட்டை யாரையும் சாத்த விடவில்லை.

காலையில் டாக்சி வந்து நின்றது. வாசலில் பந்தல் போட்டிருந்தது. மாமனாரை வராந்தாவில், அவர் எப்போதும் நாற்காலி போடும் இடத்தில் கிடத்தியிருந்தோம். கொழுந்தன் இறங்கினான். பந்தலைப் பார்த்ததுமே அவனுக்குத் தெரிந்துவிட்டது. பெட்டியை ரோட்டிலேயே விட்டுவிட்டு, காலை இழுத்துக்கொண்டு ஓடி வந்தான். கேட்டைத் தாண்டியதும், அந்த இடத்தில், கட்டிப்போட்ட மாதிரி நின்றுவிட்டான்.

“அப்பா, வந்துட்டேன்” என்றான்.

ஒப்பாரி நின்றுவிட்டது. எல்லோரும் அவனையே பார்த்தார்கள். என் தொண்டை வரைக்கும் அந்தச் சரி வந்துவிட்டது. நான் சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளைக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். ஆனால் அது அவர் வாயால் சொல்ல வேண்டியது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

“அப்பா, வந்துட்டேம்பா” என்றான் மறுபடியும், கொஞ்சம் சத்தமாக.

அந்தச் சரியைக் கேட்காமல் அவன் அந்த வீட்டுக்குள் நுழைந்ததே இல்லை. கேட் திறந்துதான் இருந்தது. செருப்பைக் கழற்றாமல் அவன் அங்கேயே நின்றுகொண்டிருந்தான்.